கடைசிப் போட்டியை ஆடாமல் போனவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. விளையாட்டைப் பற்றியது போலத் தெரியும். ஆனால் விசுவாசம், கூலி, உடம்பு ஆகிய மூன்றையும் பற்றியது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் சில நாள் இடைவெளியில் ஓர் அறிவிப்பைச் செய்தார்கள். ஒருவர் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லியனார்ட் ஃபோர்னெட். மற்றவர் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்கஃப்ரி. இருவரும் அந்தக் காலத்தில் நாடறிந்த ஃபுட்போல் வீரர்கள். "எங்கள் அணி விளையாடப்போகும் பருவத்தின் கடைசிப் போட்டியில் நான் ஆடமாட்டேன். தொழில்முறை அணிகளின் தெரிவுக்கு என்னைத் தயார்படுத்தப் போகிறேன்" என்பதுதான் இருவரின் செய்தியின் சாரமும்.

நாடே இரண்டுபட்டது. சுயநலக்காரர்கள், கூட்டாளிகளைக் கைவிட்டவர்கள் என்று ஒரு பக்கம். புத்திசாலிகள் என்று மறுபக்கம். அதற்கு முன்பும் காயத்தைக் காரணம் சொல்லி ஒதுங்கியவர்கள் உண்டு. ஆனால் இந்தளவு புகழுள்ள இருவர் எதிர்காலத்தைக் காரணமாக வைத்து வெளிப்படையாக விலகியது அதுவரை காணாத ஒன்று. இன்று அது வருடாவருடம் நடக்கும் சாதாரண விஷயம்.

இதை விளங்கிக்கொள்ள நூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே ஃபுட்போல் என்பது நமது உதைபந்தாட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் சுமந்து ஓடும் அமெரிக்க ஆட்டம். றக்பியின் பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் மோதல் இன்னும் கடுமையானது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர்கள் மைதானத்தில் பட்ட காயங்களால் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகங்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேச வேண்டி வந்தது. அந்தக் கலவரத்திலிருந்து 1906இல் பிறந்த அமைப்புத்தான், பின்னாளில் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் பெற்ற பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம். அதாவது மாணவரின் உடம்பைக் காப்பாற்றுவதற்கென்றே தொடங்கிய அமைப்பு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தக் கடைசிப் போட்டி என்றால் என்ன? அமெரிக்காவில் அதை "பௌல்" என்பார்கள். கிண்ணம் என்று அர்த்தம். மைதானங்கள் கிண்ண வடிவில் கட்டப்பட்டதால் வந்த பெயர். இதன் தொடக்கம் கலிபோர்னியாவின் பசடீனா நகரம். குளிர்காலத்திலும் தங்கள் ஊரில் ரோஜா பூக்கிறது என்று பனியில் உறைந்து கிடக்கும் கிழக்குப் பகுதி மக்களுக்குக் காட்டுவதற்காக, 1890 முதல் புத்தாண்டு நாளில் அங்கே ஒரு மலர் ஊர்வலம் நடந்து வந்தது. 1902இல் அதனோடு ஒரு ஃபுட்போல் போட்டியையும் சேர்த்தார்கள். மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று அடித்து நொறுக்கியது. ஏற்பாட்டாளர்களுக்கு ஆட்டமே வெறுத்துப் போய், அடுத்த பல வருடங்கள் அதற்குப் பதிலாகக் குதிரைத் தேரோட்டம் நடத்தினார்கள். 1916இல் ஃபுட்போல் திரும்பி வந்தது. 1922இல் "ரோஸ் பௌல்" மைதானம் எழுந்தது.

1930களில் மியாமியில் ஒரேஞ்ச் பௌல், நியூ ஓர்லியன்ஸில் சுகர் பௌல், டலஸில் கொட்டன் பௌல் என்று தென்பகுதி நகரங்கள் எல்லாம் ஆளுக்கொன்று தொடங்கின. தோடம்பழம், சீனி, பருத்தி என்று அந்தந்தப் பகுதியின் விளைபொருளே போட்டியின் பெயரானது. நோக்கம் ஒன்றுதான். ஹோட்டல் நிரம்ப வேண்டும், ஊருக்கு ஆள் வரவேண்டும்.

ஆக, பௌல் போட்டி பிறக்கும்போதே சாம்பியன் பட்டத்துக்கான போட்டி அல்ல. நல்ல பருவத்துக்குப் பரிசாக அணிக்குக் கிடைக்கும் ஒரு சுற்றுலா. நகரத்துக்கு வியாபாரம். பல்கலைக்கழகங்களே அதை அப்படித்தான் பார்த்தன. நோட்ரடேம் என்ற புகழ்பெற்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1925இல் ரோஸ் பௌலில் ஆடி ஸ்டான்ஃபோர்டை வென்றது. அதன் பிறகு 1970வரை, நாற்பத்தைந்து வருடங்கள், எந்தப் பௌலிலும் அது ஆடவில்லை. படிப்புக்கு இடைஞ்சல் என்பது காரணம். மத்திய மேற்குப் பகுதியின் பிக் டென் பல்கலைக்கழகங்களும் 1921க்குப் பிறகு கால் நூற்றாண்டு தங்கள் அணிகளைப் பௌலுக்கு அனுப்பவில்லை. அப்போது யாரும் அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லவில்லை. கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் என்றுதான் சொன்னார்கள்.

இன்னும் இரண்டு தகவல்கள். நாட்டின் சிறந்த அணியைத் தீர்மானிக்கும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் இறுதித் தரவரிசை 1960களின் நடுப்பகுதிவரை பௌல் போட்டிகளுக்கு முன்பே வெளியாகிவிடும். பௌலில் தோற்றாலும் பட்டம் போகாது. அதுபோல, பௌலில் ஒரு வீரர் ஓடிய தூரத்தை என்.சி.ஏ.ஏ. தனது உத்தியோகபூர்வக் கணக்கில் சேர்த்ததும் 2002 முதல்தான். 1988இல் பெரி சாண்டர்ஸ் என்ற மகா வீரர் ஹொலிடே பௌலில் 222 யார் ஓடினார். அன்றைய விதிப்படி அவரது சாதனைக் கணக்கில் அது சேரவே இல்லை. நடத்தியவர்களே கணக்கில் எடுக்காத ஒரு போட்டியை ஆடாமல் விட்டது எப்படித் துரோகமாக மாறியது? இதுதான் வரலாற்றுக் கேள்வி.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். தொழில்முறை அணிகள் பல்கலைக்கழக வீரர்களை வரிசையில் தெரிவு செய்யும் முறைக்கு "டிராஃப்ட்" என்று பெயர். முந்திய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. முதலாவது டிராஃப்ட் 1936இல் நடந்தது. முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறை ஃபுட்போல் ஒரு நாள்கூட ஆடவில்லை. கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை. நுரை இறப்பர் விற்கும் தொழிலுக்குப் போய்விட்டார். அன்றைய நிலை அதுதான். பெரும்பாலான இளைஞர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கடைசிப் போட்டியே வாழ்க்கையின் உச்சம். அதற்கு அப்பால் காத்துக்கொண்டு இருக்கும் செல்வம் எதுவும் இல்லை. அந்த மனநிலையில்தான் "கடைசி மூச்சுவரை அணிக்காக" என்ற பேச்சு உருவானது. அது பொய்யான பேச்சு அல்ல. அந்தக் காலத்துக்கு உண்மையான பேச்சு.

பிறகு தொலைக்காட்சி வந்தது. பணம் வந்தது. 1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. தனியே கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்கள் தாங்களே விற்கத் தொடங்கின. பௌல்கள் பெருகின. 2015–16 பருவத்தில் 40 பௌல்கள். 80 அணிகள் வேண்டும். வெற்றியைவிடத் தோல்வி கூடிய மூன்று அணிகளையும் கூப்பிட்டுத்தான் இடத்தை நிரப்பினார்கள். இஎஸ்பிஎன் தொலைக்காட்சி ஒளிபரப்பியது மட்டுமல்ல, பல பௌல்களுக்குச் சொந்தக்காரராகவும் ஆனது.

மாணவருக்கு என்ன கிடைத்தது? கல்விக் கட்டணமும் தங்குமிடமும் சாப்பாடும். பௌலில் ஆடினால் ஏற்பாட்டாளரிடமிருந்து 550 டொலருக்கு மேற்படாத அன்பளிப்புகள். அவ்வளவுதான். ஏன் சம்பளம் இல்லை? அவர்கள் "மாணவ விளையாட்டு வீரர்கள்", ஊழியர்கள் அல்ல.

அந்தச் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற மாணவர் போட்டியொன்றில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரது விதவை மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டார். மாநில உயர் நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. இறந்தவர் கல்லூரியின் ஊழியர் அல்ல என்பது முடிவு. என்.சி.ஏ.ஏ.வை 1951 முதல் முப்பத்தாறு வருடங்கள் நடத்திய வோல்டர் பயர்ஸ், ஓய்வுபெற்ற பின் 1995இல் எழுதிய நூலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். வீரர்களை ஊழியர்கள் என்று யாரும் வாதிட்டு நட்டஈடு கேட்டுவிடக்கூடாது என்ற பயத்தில்தான் அந்தச் சொல்லையே உருவாக்கிப் பரப்பினோம் என்று. உடம்பைக் காக்கத் தொடங்கிய அமைப்பு, ஐம்பது வருடத்தில் உடம்புக்கு வரும் செலவிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் அமைப்பாகிவிட்டது.

அதே நேரம் பயிற்றுவிப்பாளர்கள்? 2009 டிசம்பரில் பிரையன் கெலி, அந்தப் பருவம் முழுவதும் தோல்வியே காணாத சின்சினாட்டி அணியைச் சுகர் பௌலுக்கு முன்பே விட்டுவிட்டு நோட்ரடேமுக்குப் போனார். சின்சினாட்டி அந்தப் போட்டியில் 51–24 என்று தோற்றது. 2021இல் அதே கெலி நோட்ரடேமை விட்டு லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். இம்முறையும் பௌலுக்கு முன்பே. கோபித்தவர்கள் கோபித்தார்கள். ஆனாலும் அது தொழில் மாற்றம் என்றே பேசப்பட்டது. அவரைப் போன்றவர்கள் பலர். இருபத்தொரு வயதுப் பையன் அதையே செய்தபோதுதான் பண்பாட்டின் வீழ்ச்சி என்ற பேச்சு வந்தது.

சரி, உண்மையில் ஆபத்து எவ்வளவு?

2003 ஜனவரி 3. தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ஃபியெஸ்டா பௌல். மியாமி அணியின் வில்லிஸ் மெகஹீ பந்தைப் பிடித்த கணத்தில் எதிரணி வீரரின் தோள் அவரது முழங்காலில் மோதியது. கால் பின்பக்கமாக வளைந்தது. மூன்று தசைநார்கள் அறுந்தன. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில நாட்களுக்கு முன்புதான் 2.5 மில்லியன் டொலருக்குக் காப்புறுதி எடுத்திருந்தார். ஆனாலும் அவர் மீண்டு வந்தார். அந்த வருட டிராஃப்டில் 23ஆவது இடத்தில் தெரிவாகிப் பல வருடங்கள் ஆடினார். அவரது கதை "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது" என்று சொல்வதற்கே பயன்பட்டது.

2016 ஜனவரி 1. மீண்டும் ஃபியெஸ்டா பௌல். நோட்ரடேமும் ஒஹாயோ ஸ்டேட்டும். இம்முறை பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை. நோட்ரடேமின் ஜேலன் ஸ்மித், டிராஃப்டில் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த வீரர். முதல் கால்பகுதியிலேயே முழங்கால் தசைநார்கள் அறுந்தன. நரம்பும் பாதிக்கப்பட்டது. பாதத்தைத் தூக்க முடியாத நிலை. நரம்பு திரும்புமா என்று வைத்தியர்களாலும் உறுதி சொல்ல முடியவில்லை.

நான்கு மாதங்களுக்குப் பிறகு டிராஃப்ட். டலஸ் கவ்போய்ஸ் அணி 4ஆவது தெரிவாக எசக்கியல் எலியட்டை எடுத்தது. எலியட் யார்? அதே ஃபியெஸ்டா பௌலில் எதிரணியான ஒஹாயோ ஸ்டேட்டுக்கு ஆடி நான்கு டச்டவுன் அடித்தவர். அதே கவ்போய்ஸ் அணி 34ஆவது தெரிவாக ஜேலன் ஸ்மித்தை எடுத்தது. எலியட்டின் நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 25 மில்லியன் டொலர். ஸ்மித்தின் ஒப்பந்தம் சுமார் 6.5 மில்லியன் டொலர். ஒரே மைதானம், ஒரே நாள், பிறகு ஒரே அணி. இடையிலுள்ள வித்தியாசம் பதினெட்டு மில்லியனுக்கு மேல். காப்புறுதியிலிருந்து ஸ்மித்துக்குக் கிடைத்தது சுமார் 9 இலட்சம் டொலர் என்று செய்திகள் சொல்லின.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 2011இல் என்.எஃப்.எல். அணிகளும் வீரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்தில் புதிய வீரர்களின் சம்பளம் தெரிவாகும் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ நிர்ணயிக்கப்பட்டது. பேரம் பேசிக் கூட்டிக்கொள்ள முடியாது. எத்தனையாவது இடம் என்பதே விலை. இடம் இறங்கினால் பணம் இறங்கும். இந்த ஆட்டத்தில் சராசரித் தொழில் வாழ்க்கை மூன்று வருடத்துக்குச் சற்று மேல்தான் என்று வீரர் சங்கமே சொல்லும். பலருக்கு இரண்டாவது ஒப்பந்தமே வருவதில்லை. முதல் ஒப்பந்தமே முழு வாழ்க்கைக்குமான சம்பாத்தியம்.

இந்தக் கணக்கை ஃபோர்னெட்டும் மெக்கஃப்ரியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஃபோர்னெட்டுக்கு ஏற்கெனவே கணுக்காலில் காயம். மெக்கஃப்ரிக்கு முன்னால் இருந்தது சன் பௌல். பட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத போட்டி. இருவரும் விலகினார்கள். இரண்டு அணிகளும் அவர்கள் இல்லாமலேயே வென்றன. 2017 டிராஃப்டில் ஃபோர்னெட் 4ஆவது, மெக்கஃப்ரி 8ஆவது. தண்டிப்பார்கள் என்று பயமுறுத்தப்பட்ட அணிகள் யாரையும் தண்டிக்கவில்லை.

அதே டிசம்பர் 30ஆம் திகதி, மிச்சிகன் அணியின் ஜேக் பட் ஒரேஞ்ச் பௌலில் ஆடினார். ஆடியே தீருவேன் என்று விரும்பி ஆடியவர். முழங்கால் தசைநார் அறுந்தது. ஐந்தாவது சுற்றில், 145ஆவது ஆளாகத் தெரிவானார். காயங்கள் விடவில்லை. 2021இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஃபோர்னெட்டும் மெக்கஃப்ரியும் விலகியபோது எசக்கியல் எலியட் சமூக வலைத்தளத்தில் அதிருப்தி தெரிவித்தார். பழைய கூட்டாளிகளோடு இன்னொரு முறை ஆட எதையும் கொடுப்பேன் என்ற பொருளில் எழுதினார். அவருக்குக் காயம் ஆகவில்லை, பணமும் கிடைத்தது, அதனால் சொல்வது சுலபம் என்று நினைப்போம். ஆனால் ஜேலன் ஸ்மித்தும் அதே நாட்களில் எழுதினார்: இவ்வளவு நடந்த பிறகும், அந்த நாளுக்குத் திரும்பிப் போக முடிந்தால் மறுபடியும் ஆடுவேன் என்று. நரம்பு செத்த காலோடு ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தவரின் வார்த்தை அது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. கூட்டாளிகள் மீதுள்ள பாசம் டொலரில் அளக்கக்கூடிய ஒன்றல்ல. விலகியவர்கள் எல்லோரும் சரி, ஆடியவர்கள் எல்லோரும் ஏமாளிகள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

2022 ஜனவரி 1ஆம் திகதி இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் காட்டியது. அன்று காலை தொலைக்காட்சியில் முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான கேர்க் ஹேர்ப்ஸ்ட்ரீட், இந்தத் தலைமுறை வீரர்களுக்கு ஆட்டத்தின் மீது காதலில்லை என்று குறைப்பட்டார். ரோஸ் பௌலில் ஒஹாயோ ஸ்டேட்டின் கெரட் வில்சனும் கிறிஸ் ஒலாவேயும் ஆடவில்லை. அவர்களின் இடத்தில் முன்னுக்கு வந்த ஜெக்சன் ஸ்மித்–இஞ்சிக்பா 347 யார் எடுத்துப் பௌல் சாதனையே படைத்தார். அணி 48–45 என்று வென்றது. ஒதுங்கிய இருவரும் அந்த வருடம் 10ஆவது, 11ஆவது இடங்களில் தெரிவானார்கள். அதே இரவு சுகர் பௌலில், ஆடுவதா என்ற கேள்விக்கு இடமே வைக்காமல் இறங்கிய மிசிசிப்பி அணியின் மட் கொரல் கணுக்காலில் காயப்பட்டு ஊன்றுகோலோடு நின்றார். டிராஃப்டில் அவரது இடம் 94.

விலகல் பெருகியதால் போட்டிகள் நலிந்ததும் உண்மைதான். 2023 டிசம்பர் 30 ஒரேஞ்ச் பௌல். பருவம் முழுவதும் தோற்காத ஃபுளோரிடா ஸ்டேட்டை, பட்டத்துக்கான நால்வர் சுற்றில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். மனமுடைந்த அணியிலிருந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஆடவில்லை. ஜோர்ஜியா 63–3 என்று வென்றது. பௌல் வரலாற்றிலேயே மிகப்பெரிய இடைவெளி. டிக்கட் வாங்கி வந்த சனத்துக்கும், கடைசிப் போட்டி என்று ஆசையோடு இறங்கிய மற்ற மாணவர்களுக்கும் அது அநியாயம்தான்.

இதற்கிடையில் சட்டமும் மாறியது. 2021 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வின் ஒரு கட்டுப்பாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் இணக்கத்தின்படி பல்கலைக்கழகங்களே நேரடியாக மாணவர்களுக்குப் பணம் பகிரலாம். முதல் வருடத்தின் உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 20.5 மில்லியன் டொலர். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பட்டத்துக்கான சுற்றில் ஆடும் அணிகளிலிருந்து வீரர்கள் விலகுவது மிக அரிது. அர்த்தமுள்ள போட்டி என்றால் ஆபத்தைத் தெரிந்துகொண்டே இறங்குகிறார்கள். அவர்களுக்கு ஆட்டத்தின் மீது காதல் இல்லை என்ற வாதம் அந்த இடத்தில் நிற்காது.

கடைசியாக ஒரு செய்தி. 2025 டிசம்பரில் நோட்ரடேம் அணியைப் பட்டத்துக்கான பன்னிரண்டு அணிகளில் சேர்க்கவில்லை. உடனே அந்த அணி, எங்களுக்கு எந்தப் பௌலும் வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. ஒரு வீரர் அல்ல, முழு அணியும். 1925க்குப் பிறகு படிப்புக்காகப் பௌலை மறுத்த அதே பல்கலைக்கழகம், நூறு வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காக மறுத்தது. நிறுவனம் மறுத்தால் கொள்கை, பயிற்றுவிப்பாளர் போனால் முன்னேற்றம், மாணவன் மறுத்தால் துரோகம் என்ற பழைய அளவுகோலை இனி யாரும் கையில் எடுக்க முடியாது.

நான் ஏன் இதை எழுதினேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் பாடசாலை அணிக்குப் பொறுப்பாக இருந்தபோது, முழங்கால் வீங்கியிருந்த ஒரு மாணவனிடம் "பாடசாலையின் பெயருக்காக இன்று மட்டும் ஆடு மகன்" என்று சொன்னவன் நான். அவன் ஆடினான். வென்றோம். கிண்ணம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அவன் உயர்தரப் பரீட்சை மண்டபத்துக்கு நொண்டிக்கொண்டு போனதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவன் என்னைக் குறை சொன்னதில்லை. கண்டால் இன்றும் ஸலாம் சொல்லிச் சிரிக்கிறான்.

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம் என்று வகுப்பில் நாமேதான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த அமானிதம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது? கேட்பவருடைய பொறுப்பிலா, கொடுப்பவருடைய பொறுப்பிலா? விசுவாசத்தைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு முன், நாம் அந்தப் பிள்ளைக்காக எதை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் கேட்பது நல்லது.

பாடசாலை விளையாட்டுகளுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லலாம்.